எதிர்க்கடையில் இனித்தது

பனிக்கொம்பையில் சாக்லேட் தின்றவரின் வாயில் இனிக்காமல், தின்னும்போது அவர் யாரை நினைத்துக்கொண்டிருந்தாரோ அவருடைய வாயில் இனிக்கத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்தில், மூடுபனி கடைத்தெருவுக்குள் வந்து படுத்துக்கொண்டு எழுந்துபோக மறுத்த வாரத்தில். அதை முதலில் பார்த்தவள் ஜெசிந்தா. அவள் கடைக்கு வந்த சுற்றுலாக்காரர்களில், தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்காத ஒரு புது ஜோடி இருந்தது. ருசி பார்க்கக் கொடுத்த துண்டை மென்று முடித்த மாப்பிள்ளை, ஒரு ருசியும் இல்லையே, மெழுகுவர்த்தியைத் தின்ற மாதிரி இருக்கிறதே என்றான். ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் எதையும் தின்னாமல் நின்ற புதுப்பெண் கண்ணை மூடிக் கன்னத்தை உள்ளிழுத்து, யாரும் கொடுக்காத ஒன்றை நாக்கில் உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணும் ஒரு துண்டு தின்றாள். மாப்பிள்ளையின் வாயில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இனிப்பு எங்கே போனதென்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் அவள் ஒரு துண்டும் தொடவில்லை.

ஊருக்கு விஷயம் பரவ அதிக நேரம் பிடிக்கவில்லை. பனிக்கொம்பைக்காரர்கள் எதற்கும் பெரிதாக ஆச்சரியப்படுகிறவர்கள் அல்ல. காட்டெருமை தபாலாபீஸ் வாசலில் நின்றால் பின்வாசல் வழியாகப் போய்த் தபால் போடுகிறவர்கள், வெயிலும் மழையும் ஒரே தெருவின் இரண்டு ஓரங்களில் தனித்தனியாக வந்தால் குடை வைத்திருப்பவர் ஒரு பக்கமும் இல்லாதவர் இன்னொரு பக்கமுமாக நடந்து போகிறவர்கள். ஆகவே, இது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்குப் போகிறது என்றுதான் கேட்டார்கள்.

வியாபாரிகள் மட்டும் பயந்தார்கள். தின்கிறவனுக்கு இனிக்காத பண்டத்தை எவன் வாங்குவான், கடைகளைப் பூட்டிவிட்டு யூகலிப்டஸ் தைலம் காய்ச்சப் போகவேண்டியதுதான் என்று புலம்பினார்கள். நடந்ததோ வேறு. சாக்லேட்டே தொடாதவர்களெல்லாம் வாங்கினார்கள். எதற்காக மனிதர்கள் சாக்லேட்டை இப்படி விரும்புகிறார்கள் என்று ஆராய்கிற ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார். அதில் மூளையைக் குளிரவைக்கும் ஏதோ ஒரு சத்து இருக்கிறது, அது நாக்கில் கரைகிற சூடும் நம் உடம்புச் சூடும் ஒன்று, அதனால்தான் என்று டீக்கடையில் விளக்கினார். விளக்கிக்கொண்டே ஒரு துண்டைத் தின்றார். அந்த நேரத்தில் அவருடைய கார் சாவியை வைத்திருந்த லாட்ஜ் வாட்ச்மேன், நாற்காலியிலிருந்து எழுந்து, யாருக்கென்று தெரியாமல் ஒரு சலாம் வைத்தார்.

கோயிலிலும் முயன்று பார்த்தார்கள். சாமியை நினைத்துத் தின்றால் சாமிக்கே நேரில் போய்ச் சேரும் நைவேத்தியம் இதைவிட வேறென்ன என்று ஒரு வெள்ளிக்கிழமை பக்தர்கள் வரிசையாக நின்று, கண்மூடி, மனமுருகி, சாக்லேட் தின்றார்கள். வெளியே செருப்பு பார்த்துக்கொள்ளும் பொன்னுரங்கம் வாய் திகட்டிப்போய், தண்ணீர் குடிக்கக் குழாயடிக்கு ஓடினார். அதன்பிறகு வந்த தேர்தலில், ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் தின்னச் சொல்லி, தொகுதி மக்களின் நெஞ்சில் தான்தான் இருக்கிறேன் என்று காட்ட நினைத்த ஒரு வேட்பாளர், மேடையில் வாயைத் திறந்தபடி வெகுநேரம் காத்திருந்தார். கூட்டத்தின் இனிப்பு முழுவதும் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ரேடியேட்டர் கொதித்து நின்றிருந்த கடைசி பஸ்ஸின் கண்டக்டருக்குப் போயிற்று.

வீடுகளில் காரியம் இன்னும் நுட்பமாக நடந்தது. புருஷன் தின்றுவிட்டுப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்ப்பான். பெண்டாட்டி ஒரு கணம் காத்திருப்பாள், வராததை வந்ததாகக் காட்டிக் கன்னத்தை லேசாக அசைப்பாள், வந்துச்சுங்க என்பாள். பிறகு அவள் தின்பாள், அவன் வந்துச்சு என்பான். இப்படி ஊரில் ஒரு புது மரியாதை பழக்கத்துக்கு வந்தது, அதனால் குடும்பங்கள் முன்பைவிட ஒற்றுமையாகவே இருந்தன. உண்மையாக இனிப்பு வந்தவர்கள்தான் வாயை இறுக மூடிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, ஒன்றுமில்லை என்றார்கள்.

மலைப்பாதைச் சோதனைச்சாவடிக்குக் கீழே அந்த இனிப்பு இறங்குவதில்லை என்பதையும் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பெற்றோர்கள் தின்றது தங்களுக்கும் இல்லாமல் பிள்ளைகளுக்கும் இல்லாமல் பனியில் போயிற்று. அது தெரிந்தும் அவர்கள் தின்றார்கள். மற்றவர்களைவிட அதிகமாகவே வாங்கினார்கள்.

ஜெசிந்தா சாக்லேட் தின்கிற வழக்கமே இல்லாதவள். கான்வென்ட் சமையலறையில் கன்னியாஸ்திரீகளிடம் கற்றுக்கொண்ட வேலை அது. கட்டிகளை உருக்கி, மிளகைப் பொடித்துப் போட்டு, உலர்ந்த ஆரஞ்சுத் தோலைச் சீவிக் கலந்து அவள் செய்கிற சாக்லேட்டுக்கு அந்த மலையில் இணை கிடையாது. ஆனால் நாள் முழுவதும் அதன் வாசத்திலேயே நிற்கிறவளுக்கு அதை வாயில் வைக்கத் தோன்றியதில்லை. தம்பி தங்கைகளை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது தனக்கென்று வரன் கேட்டு வருகிற வயது அவளைத் தாண்டிப் போயிருந்தது. அவர்கள் குவைத்திலும் பெங்களூரிலும் இருந்து கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார்கள். ஐம்பதைத் தாண்டிய அவளை அந்த ஊரில் யாரும் குறிப்பாக நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளே நினைத்ததில்லை.

அப்படிப்பட்டவளின் வாயில் ஒரு மத்தியானம், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, இனித்தது. முதலில் லேசான கசப்பு, அதன் முதுகில் ஏறிவந்த இனிப்பு, கடைசியில் மிளகின் காரமும் ஆரஞ்சின் வாசமும். தான் செய்த சாக்லேட் இவ்வளவு நன்றாக இருக்குமென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. யாரோ தவறுதலாக நினைத்துவிட்டார்கள் என்று வாயைக் கொப்பளித்தாள். மறுநாளும் அதே நேரம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பிறகு வராத நாளே இல்லை. எந்தச் சாக்லேட்டாக இருந்தாலும் வாயில் ஒரு கணம் இருந்து போய்விடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள், இதுவோ யாரோ மென்று விழுங்காமல், நாக்கின் அடியில் வைத்து, ஒவ்வொரு சொட்டாக ஆராய்ந்து கரைக்கிற மாதிரி வெகுநேரம் நின்றது. தன்னை இவ்வளவு நிதானமாக நினைக்கிற ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார் என்பதை நம்ப அவளுக்குப் பல வாரங்கள் ஆயின. நம்பிய பிறகு, மத்தியானச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, முகம் கழுவி, புடவை மாற்றி, கல்லாவில் உட்கார்ந்து காத்திருக்கத் தொடங்கினாள்.

யார் என்று கேட்டுக்கேட்டு அவள் மனம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மனைவியை இழந்த பாடகர்குழு ஆசிரியர் தேவசகாயமாக இருக்குமோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருக்கு ஒரு துண்டு கொடுத்துப் பார்த்தாள். அவர் நன்றி சொல்லித் தின்றார். அவளுக்கு ஒன்றும் வரவில்லை, சர்ச் வாசலில் நின்ற வேறு யாருக்கும் வரவில்லை. அவர் தின்றது நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். ஜெசிந்தா அவருக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து, கொஞ்சம் அழுதாள்.

அவள் கடைக்கு நேர் எதிரே தணிகாசலத்தின் கடை. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து, தைலத்தில் தொடங்கி, வர்க்கி பிஸ்கட்டில் வளர்ந்து, சாக்லேட்டுக்கு வந்தவர். கடை ஜெசிந்தாவின் கடையைவிடப் பெரிது, விளக்குகள் அதிகம், ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டம் என்ன மாயமோ தெருவைக் கடந்து அவள் பக்கமே போகும். வருஷக்கணக்காக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அவள் பெயர்ப்பலகையை நீட்டினால் அவர் பந்தலை நீட்டுவார், அவர் பொங்கலுக்குப் பாட்டு போட்டால் அவள் ஈஸ்டருக்குப் போடுவாள். தணிகாசலத்தின் மனைவி சுலோச்சனா இந்தச் சண்டையில் சேரவில்லை. அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே சரி. வீட்டில் சமைப்பாள், கடையில் பொட்டலம் கட்டுவாள், ஜெசிந்தா என்னென்ன செய்தாள் என்று அவர் சொல்வதைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள். அவர் வேறெதுவும் பேசுவதில்லை.

வாரம் ஒருமுறை தெருவைக் கடந்து போய் ஜெசிந்தாவிடம் மிளகு சாக்லேட் வாங்கி வருவதும் அவள் வேலையாக இருந்தது. அதில் ஜெசிந்தா என்ன போடுகிறாள் என்று கண்டுபிடிப்பதற்காகத் தணிகாசலம் தினமும் ஒரு துண்டு தின்றார். தனக்கு ருசியே தெரியாமல் போன பிறகும், தெரியாத ருசியை எப்படியாவது பிடித்துவிடவேண்டுமென்று பிடிவாதமாகத் தின்றார். ஒரு வாரம் பெட்டி தீர்ந்து, கடைசித் துண்டு மட்டும் மிஞ்சியிருந்த மத்தியானத்தில், சுலோச்சனா அடுத்த பெட்டி வாங்க ஜெசிந்தாவின் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெசிந்தா எடை போட்டுக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தினாள். கை தராசில் இருந்தது, கண் எங்கோ போயிற்று, இடது கன்னம் மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது. சுலோச்சனா அவளை வேடிக்கை பார்த்தாள். ஜெசிந்தாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் எதிர்க்கடை தெரிந்தது, எதிர்க்கடையின் கல்லாவில் தணிகாசலம் தெரிந்தார். அவர் கன்னமும் உள்ளே போய் வெளியே வந்தது. இந்த வாய் நின்றால் அந்த வாய் நின்றது. அந்த வாய் புரட்டினால் இந்த வாய் புரட்டியது. இரண்டும் கரைந்து முடியும்வரை சுலோச்சனா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு, அவருதாங்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.

பனிக்கொம்பையில் ஒரு விஷயத்தை இரண்டு பேர் தெரிந்துகொண்டால் போதும், மூன்றாவதாகத் தெரிந்துகொள்வது ஊர். வியாபாரிகள் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் பேக்கரி ஹனீபா பாய்க்கு இதை விசாரிக்க விருப்பமில்லை, ஆனாலும் தொழில் செய்கிற இரண்டு குடும்பங்களின் மானம் சம்பந்தப்பட்டதாயிற்றே என்று நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த வயதிலா என்று ஒரு பக்கமும், இந்த வயதில்தான் என்று இன்னொரு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது தணிகாசலம் எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. அந்தம்மாவை நினைத்துத் தின்றது உண்மைதான், ஆனால் அன்பால் நினைக்கவில்லை, ஒவ்வொரு துண்டையும் வயிறெரிந்து, அவள் கடை இடிந்துபோகட்டும் என்று நினைத்துத்தான் தின்றேன், முருகன் மேல் ஆணை, இத்தனை வருஷமாகக் காலையில் எழும்போதும் படுக்கப்போகும்போதும் இந்தம்மாவை வெறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். மானத்தைக் காப்பாற்ற, தன் பகை எவ்வளவு பெரியது என்பதை அவர் விவரிக்க விவரிக்க, அவள் என்றைக்கு எந்த நிறப் புடவை கட்டியிருந்தாள், எந்தக் குளிர்காலத்தில் எத்தனை நாள் இருமினாள் என்பதெல்லாம் வரத் தொடங்கியது.

ஹனீபா பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெசிந்தாவிடம் கேட்டார். பகையில் வந்ததென்றால் கசந்திருக்க வேண்டுமே, உங்களுக்கு எப்படி இருந்தது?

ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.

"கசக்கத்தான் செஞ்சுது பாய். சாக்லேட்ல கசப்பு இருக்கத்தானே செய்யும், அதைத் தனியா எடுத்துட்டா அது வெறும் சர்க்கரை. எனக்கு இனிப்பாத்தான் இருந்துச்சு. தினமும் காத்துட்டிருந்தேன்."

தணிகாசலம் உட்கார இடம் தேடினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சுலோச்சனா எழுந்தாள். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துச் சிலர் ஏற்கனவே பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு சொல்றது நெசந்தானுங்க. பகைதான். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க," என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, இத்தனை வருசத்துல ஒரு நாளாவது என்னை அப்படிப் பகைச்சிருக்கீங்களா?"

சங்கம் எவ்வளவோ வழக்குகளைத் தீர்த்திருக்கிறது, இதற்கு அதனிடம் தீர்ப்பு இல்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காக, இனி தணிகாசலம் எதிர்க்கடைச் சாக்லேட்டைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிக் கலைந்தார்கள்.

அவர் தொடவில்லை. தொடாத முதல் வாரத்தில் மெலிந்தார். அடுத்து வந்த வாரங்களில் ஜெசிந்தா பலகையை நீட்டினாளா, சுருக்கினாளா என்று பார்ப்பதையும் விட்டார், பார்த்தால் நினைப்பு வரும், நினைப்பு வந்தால் ஊர் பேசும் என்ற பயம். வெறுக்க ஆளில்லாமல் அவருக்குக் கடை திறக்க நேரமானது, மூட அவசரமானது. எதிரே ஜெசிந்தாவும் ஆரஞ்சுத் தோல் சீவுவதில் கவனமிழந்தாள். ஒரு பெட்டி தீய்ந்தது, இன்னொன்றில் மிளகு அதிகமாயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் தெருவின் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பி ஏறிக்கொண்டது. இரண்டு கடைகளும் சேர்ந்து படுத்தால் தெருவே படுத்துவிடும் என்று ஹனீபா பாய் கவலைப்பட்டார், ஆனால் வயதான இரண்டு பேரை மறுபடி பகைத்துக்கொள்ளுங்கள் என்று எந்தச் சங்கம் சொல்லமுடியும்?

சுலோச்சனா அந்த நாட்களில் கடையை ஒற்றை ஆளாக நடத்தினாள். சாப்பாட்டு நேரத்தில் புருஷன் எதுவும் பேசாததால் முதன்முதலாக அவளுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. எதிர்க்கடைக்காரியின் இருமல்வரை தனக்குத் தெரியும், தனக்கு எந்தக் காய் பிடிக்கும் என்பது தனக்கே நினைவில்லை என்று அவள் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். பனி விலகி வெயில் அடித்த ஒரு முற்பகலில், சுற்றுலாக்காரர்களும் ஊர்க்காரர்களும் நிறைந்திருந்த நேரம் பார்த்து, அவள் கல்லாவை விட்டு இறங்கித் தெருவைக் கடந்து போனாள்.

ஜெசிந்தா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பெட்டி வேண்டாங்க்கா, ஒரே ஒரு துண்டு போதும், எனக்கு என்றாள் சுலோச்சனா. அந்த எனக்கு என்ற சொல் கடையில் இருந்தவர்களுக்குப் புதிதாகக் கேட்டது. அவளும் இதுவரை சாக்லேட் தின்றதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பொட்டலம் கட்டுகிறவளுக்கு அது தோன்றியதில்லை.

செய்தி அவள் காகிதத்தைப் பிரிப்பதற்குள் தெரு முழுக்கப் போயிற்று. ஹனீபா பாய் மாவுக் கையோடு வந்தார். பழிவாங்க அவள் யாரையோ நினைத்துத் தின்னப்போகிறாள், இன்றைக்கு ஒருவனின் வண்டவாளம் வெளிவரும் என்று ஆண்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். தணிகாசலம் தன் கடை வாசலுக்கு வந்து நின்றார். மெலிந்த முகத்தில் நெடுநாளுக்குப் பிறகு ஒரு ஆவல் தெரிந்தது. ஜெசிந்தாவும் தன்னையறியாமல் எச்சிலை விழுங்கிக் காத்திருந்தாள்.

சுலோச்சனா துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். தெருவில் யாருடைய கன்னமும் அசையவில்லை. தணிகாசலம் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார், ஒன்றுமில்லை. ஜெசிந்தாவுக்கு ஒன்றுமில்லை. போயிற்று, சோதனைச்சாவடிக்குக் கீழே யாரோ இருக்கிறான் என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தபோது, சுலோச்சனாவின் இடது கன்னம் உள்ளே போய் வெளியே வந்தது. அவள் புருவம் முதலில் கசப்புக்குச் சுருங்கியது, பிறகு இனிப்புக்கு விரிந்தது, மிளகு வந்த இடத்தில் மூக்கு சிவந்தது, ஆரஞ்சு வந்த இடத்தில் கண் தானாக மூடிக்கொண்டது. எது எப்போது வரும் என்று தெரிந்திருந்த ஒரே ஆளான ஜெசிந்தா, இவளுக்கே வருது, இவ தின்னது இவளுக்கே வருது என்று மெல்லச் சொன்னாள்.

தணிகாசலமும் ஜெசிந்தாவும் மாட்டிக்கொண்டபோது வராத கோபம் அப்போது ஊருக்கு வந்தது. அடுத்தவன் பெண்டாட்டியை நினைத்தாலும் அது நினைப்பு, ஒரு பொம்பளை தன்னையே நினைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று தின்பதென்றால் குடும்பம் எப்படி விளங்கும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். என்ன அநியாயம் என்று சொல்லிக்கொண்டே பெண்கள் ஆளுக்கொரு துண்டு வாங்கிப் போனார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்று பார்த்தார்கள். முதல் தடவையில் யாருக்கும் வரவில்லை. அடுப்பில் வைத்த பாலும், பள்ளிக்கூடத்திலிருந்து வரவேண்டிய பிள்ளையும் குறுக்கே வந்தன. பழகினால் வரும்போல என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆண்களும் முயன்றார்கள். நாம் எப்போதும் நம்மைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம், நமக்கு இது சுலபம் என்றுதான் அவர்கள் நம்பினார்கள். ஆனால் தின்ற ஒவ்வொருவனின் இனிப்பும் மேலதிகாரிக்கும் எதிர்வீட்டுக்காரனுக்கும் போயிற்று. ஒருவனுக்கும் தன் வாயில் ஒட்டவில்லை.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று அந்த முற்பகலில், தணிகாசலம் தெருவைக் கடந்து, அத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஜெசிந்தாவின் கடைப்படியில் கால் வைத்தார். ஜெசிந்தாவை அவர் பார்க்கவில்லை. மனைவிக்கு முன்னால் வந்து நின்று, குரல் பாதியாக இறங்க, "சுலோ, தின்னும்போது என்ன நினைச்சே?" என்று கேட்டார். ஊரும் அதைக் கேட்கக் காது கொடுத்து நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். பொறுங்கள் என்பதுபோல் ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். வாயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை அவசரமில்லாமல் நாக்கின் அடிக்குத் தள்ளிவிட்டு, அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.